காட்டிக்கொடுக்காத பிழை
(நம் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன கூட்டத்தில் லிஃப்ட் பராமரிப்பு பற்றிய விவாதம் நீண்டுகொண்டே போனபோது, "லண்டன் ரயில்ல நடந்த ஒரு விஷயம் இதுக்கு அப்படியே பொருந்தும் சார்" என்று சொல்லிவிட்டேன். செயலாளர் அதைப் பிடித்துக்கொண்டார். அடுத்த மாதம் நீங்களே பேசுங்கள் என்று உட்காரவைத்துவிட்டார்.

நான் பி.காம். படித்து வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, குமாஸ்தாவாகவே ஓய்வு பெற்றவன். ரயில்வேயில் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை. ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் மின்சார ரயிலில் ஆபீஸ் போய் வந்தவன். வண்டி சிவப்பு விளக்குக்கு நிற்கும்போதெல்லாம் கைக்கடிகாரத்தைப் பார்த்து முணுமுணுத்தவன். ஓய்வுக்குப் பிறகுதான் அந்த விளக்கை யார், எப்படி மாற்றுகிறார்கள் என்று தேடிப் படித்தேன்.

அந்த நாளில் ரயில் நிலையத்தின் ஓரத்தில் மாடி வைத்த அறை ஒன்று இருக்கும். அதற்குப் பெயர் கேபின். உள்ளே வரிசையாக இரும்பு லீவர்கள். ஒரு லீவர் தண்டவாளத்தைப் பிரித்துச் சேர்க்கும். இன்னொன்று கைகாட்டியை இறக்கும். ஒன்றுக்கொன்று பூட்டுப் போட்டிருப்பார்கள். பாதை சரியாக அமையாமல் கைகாட்டி இறங்காது. இதற்கு இன்டர்லாக்கிங் என்று பெயர். பிறகு மின்சாரம் வந்தது. தண்டவாளத்தில் எப்போதும் சிறிது மின்சாரம் ஓடும். வண்டி வந்து நின்றால் அதன் சக்கரமும் அச்சும் அந்த மின்சாரத்தைக் குறுக்கே திருப்பிவிடும். ரிலே விழும், பின்னால் உள்ள விளக்கு சிவப்பாகும். கம்பி அறுந்தாலும் சிவப்புதான், கரண்ட் போனாலும் சிவப்புதான். பழுது வந்தால் வண்டி நிற்க வேண்டும், ஓடக் கூடாது. அதுதான் அடிப்படை.

இப்போது லண்டனுக்கு வருகிறேன். வாட்டர்லூ முனையத்துக்குப் போகும் வழியில் கிளாப்பம் ஜங்ஷன் என்று ஒரு நிலையம். நம் ஊர்போலவே காலையில் ஆபீஸ் போகிறவர்கள் கூட்டம் நெரியும். அங்கே தண்டவாளங்களுக்கு மேலே, பாலம்போல, ஒரு பெரிய சிக்னல் கேபின் இருந்தது. 1965 மே 10, திங்கட்கிழமை, அந்தக் கேபின் தன் பாரத்தையே தாங்காமல் சரிந்துவிட்டது. கீழே எப்படி வண்டி விடுவது? வாட்டர்லூ போக்குவரத்து ஸ்தம்பித்தது. ஊரே திட்டியிருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள்: சரிந்தது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. அதனால் வண்டிகளை நிறுத்த முடிந்தது.

இருபத்து மூன்று வருஷம் கழித்து, அதே கிளாப்பம். 1988 டிசம்பர் 12, அதுவும் திங்கட்கிழமை. காலை எட்டு மணிக்குச் சற்று மேல். பேசிங்ஸ்டோக்கிலிருந்து வந்த வண்டியின் ஓட்டுநர், பச்சையாக இருந்த சிக்னல் தான் நெருங்கியபோது திடீரென்று சிவப்பானதைப் பார்த்தார். விதிப்படி அடுத்த சிக்னலில் வண்டியை நிறுத்தி, இறங்கி, கேபினுக்குப் போன் செய்தார். சிக்னலில் கோளாறு எதுவும் இல்லை என்று பதில் வந்தது. அவர் போன் பேச இறங்கிய அந்தச் சில நிமிடத்துக்குள் பின்னால் பூல் நகரிலிருந்து வந்த வண்டி மோதியது. எதிர்த்திசையில் போன காலி வண்டி ஒன்றும் அதில் மோதியது. 35 பேர் இறந்தார்கள். ஏறக்குறைய 500 பேருக்குக் காயம். பக்கத்துப் பள்ளிக்கூடத்து ஆசிரியர்களும் மாணவர்களும்தான் உதவிக்கு முதலில் ஓடிவந்தார்கள்.

முன்னால் ஒரு வண்டி நின்றுகொண்டிருந்தும், பின்னால் வந்தவருக்கு சிக்னல் சிவப்பு காட்டவில்லை. காரணம் ஒரு பழைய கம்பி.

சிக்னல் புதுப்பிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. நவம்பர் 27 ஞாயிறன்று ஒரு டெக்னீஷியன் புதுக் கம்பி போட்டார். பழைய கம்பியை இரண்டு முனையிலும் கழற்றி, வெட்டி, டேப் சுற்றிக் கட்டியிருக்க வேண்டும். அவர் ஒரு முனையை அப்படியே விட்டார்; மறு முனையைச் சும்மா வளைத்து ஒதுக்கிவைத்தார். இரண்டு வாரம் ஒன்றும் ஆகவில்லை. டிசம்பர் 11 ஞாயிறு, பக்கத்தில் வேறு வேலை செய்தபோது அந்தக் கம்பி அசைந்து பழைய இடத்தைத் தொட்டுக்கொண்டது. வராத இடத்திலிருந்து கரண்ட் வந்தது. வண்டி நின்றும் ரிலே விழவில்லை. மறுநாள் காலை விபத்து.

அந்த மனிதர் ஒருவர்மேல் பழி போட்டு விட்டுவிடலாம். ஆனால் நீதி விசாரணை நடத்திய ஆன்டனி ஹிடன் அப்படி விடவில்லை. 13 வாரத்தில் அந்த டெக்னீஷியனுக்கு ஒரே ஒரு நாள்தான் விடுமுறை. கம்பியை அவர் விட்ட விதம் பல வருஷப் பழக்கம், யாரும் திருத்தவில்லை. முக்கியமாக, வேலை முடிந்ததும் வேறொருவர் வந்து கம்பிகளை எண்ணிச் சரிபார்க்க வேண்டும். அன்றைக்கு அது நடக்கவே இல்லை. ஹிடன் 93 பரிந்துரைகள் கொடுத்தார். சோதனை முறையும் வேலை நேர வரம்பும் அதில் அடக்கம்.

இதைப் படித்தபோது எனக்கு என் கவுன்ட்டர்தான் ஞாபகம் வந்தது. 1980-களில் ஒரு மாதத்தின் முதல் வாரம், கூட்டம் தாங்கவில்லை. ஒரே பெயரில் இரண்டு சேமிப்புக் கணக்கு. ஒருவர் கட்டிய 4,000 ரூபாயை இன்னொருவர் பக்கத்தில் எழுதிவிட்டேன். அதிகாரியும் அவசரத்தில் பார்க்காமலே இனிஷியல் போட்டார். சாயங்காலம் லெட்ஜர் பைசா பிசகாமல் டேலி ஆனது! கணக்குப் பாடத்தில் படித்திருப்பீர்கள்: சில பிழைகளை இருப்பாய்வு காட்டிக்கொடுக்காது. தொகை தவறினால் அன்றே தெரியும். ஆள் தவறினால் தெரியாது. ஒரு மாதம் கழித்து அவர் செக் திரும்பிவிட்டது. மகளின் காலேஜ் ஃபீஸுக்குக் கொடுத்த செக். கவுன்ட்டரில் நின்று அவர் என்னை ஒன்றும் திட்டவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

ஒருவர் எழுத, இன்னொருவர் பார்த்து பாஸ் செய்வது என்பது நம்பிக்கையில்லாமல் வைத்த ஏற்பாடு அல்ல. நல்ல ஆளுக்கும் கண் அசரும் என்பதால் வைத்தது. பார்க்காமல் போடும் இனிஷியல், இனிஷியல் இல்லாததைவிட மோசம். எல்லோரும் பார்த்தாயிற்று என்று நம்பிவிடுவார்கள்.

லண்டன் விஷயம் நமக்கெதற்கு என்று நினைக்க வேண்டாம். 2023 ஜூன் 2 அன்று சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், ஒடிசாவில் பாஹாநகா பஜார் அருகே, மெயின் லைனுக்குப் பச்சை விழுந்திருக்க, லூப் லைனுக்குள் போய் நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. 290 பேருக்கு மேல் போய்விட்டார்கள். அங்கேயும் விசாரணையில் சுட்டிக்காட்டப்பட்டது சிக்னல் வயரிங் மாற்றத்தில் நடந்த தவறுதான்.

இனி நம் கட்டடம். லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் வாட்ஸ்அப் குழுவில் அரை மணியில் நாற்பது புகார் வரும். வரட்டும். அது சரிந்த கேபின் மாதிரி, கண்ணுக்குத் தெரிகிற பழுது. நான் பயப்படுவது சர்வீஸ் முடிந்து "நல்லா ஓடுது சார்" என்று சொல்லிப் போன பிறகு உள்ளே இருக்கக்கூடிய கம்பியைப் பற்றி.

அதனால் மூன்று வேண்டுகோள். லிஃப்ட், ஜெனரேட்டர், மீட்டர் அறை எதில் வேலை நடந்தாலும், செய்தவர் ஒருவர், சரிபார்த்தவர் வேறொருவர் என்று பதிவேட்டில் இரண்டு கையெழுத்து வேண்டும். என்ன கழற்றினார்கள், என்ன மாட்டினார்கள் என்று எழுத வேண்டும். இரவெல்லாம் வேறு இடத்தில் வேலை பார்த்துவிட்டு வருகிற பையனை "இன்னிக்கே முடிச்சுடுப்பா" என்று நாம் விரட்டக் கூடாது. ஒரு நாள் படியேறினால் மூட்டு வலிக்கும், அவ்வளவுதான். நானும் நாலாவது மாடிதான்.

அந்தப் பதிவேட்டை நானே எழுதி வைக்கத் தயார். சரிபார்க்க இன்னொருவர் கை தூக்குங்கள். நான் எழுதியதையும் சேர்த்துத்தான்.