அந்தோனியார் கையில் இருப்பது யார்?



அண்மையில் மருத்துவமனையில் ஒரு தாய்க்கு நோயில்பூசுதல் கொடுக்கச் சென்றிருந்தோம். புனித அந்தோனியார் படம் ஒன்றைத் தலையணைக்கு அடியில் மறைத்து வைத்திருந்தார். வேறு சபையைச் சேர்ந்த உறவினர் ஒருவர் ஜெபிக்க வந்தவர், "இயேசு இருக்கும்போது செத்தவர்களிடம் ஏன் கேட்கிறீர்கள்?" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். "சாமி, நான் செய்வது பாவமா?" என்று அந்தத் தாய் கண்கலங்கிக் கேட்டார்.

இந்தக் கேள்வி நம்மில் பலருக்கும் வருவதுதான். இறைவார்த்தையிலேயே பதில் தேடுவோம்.

கடவுளுக்கும் மனிதருக்கும் இணைப்பாளர் கிறிஸ்து ஒருவரே என்கிறார் புனித பவுல் (1 திமொ 2:5). இதை நாமும் முழு மனத்தோடு ஏற்கிறோம். ஆனால் அதே அதிகாரத்தின் முதல் வசனத்தில், எல்லாருக்காகவும் பரிந்து மன்றாடும்படி அதே பவுல் கேட்டுக்கொள்கிறார். பிறருக்காக மன்றாடுவது கிறிஸ்துவின் இடத்தைப் பறிப்பது என்றால் அவர் இப்படிக் கேட்டிருப்பாரா? அந்த உறவினரும் அன்று அந்தத் தாய்க்காக ஜெபித்துவிட்டுத்தானே போனார்!

அப்படியானால், சாவு இந்த மன்றாட்டை நிறுத்திவிடுகிறதா? ஆபிரகாமின் கடவுள் வாழ்வோரின் கடவுள், அவருக்கு முன் எல்லாரும் உயிருள்ளவர்களே என்று ஆண்டவரே கற்பித்தார் (லூக் 20:37-38). யூதா மக்கபே கண்ட காட்சியில், இறந்துபோன தலைமைக் குரு ஓனியாவும் இறைவாக்கினர் எரேமியாவும் மக்களுக்காக மன்றாடுகிறார்கள் (2 மக் 15:12-14). அந்த நூல் பிற சபையினர் பலரின் வேதாகமத்தில் இல்லை. ஆனால் திருவெளிப்பாடு எல்லாருக்கும் பொதுவானது. அங்கே இருபத்து நான்கு மூப்பர்கள், இறைமக்களின் வேண்டுதல்களாகிய தூபம் நிறைந்த பொற்கிண்ணங்களை ஏந்தியபடி ஆட்டுக்குட்டியின் முன் வீழ்ந்து பணிகிறார்கள் (திவெ 5:8). நம் வேண்டுதல் விண்ணகத்தார் கைகளில் இருக்கிறது. போய்ச் சேருவதோ ஆட்டுக்குட்டியாம் கிறிஸ்துவிடம்.

நாம் வேண்டுவது அவர்களுக்கு எப்படித் தெரியும்? மனம் மாறும் ஒரே ஒரு பாவியைக் குறித்து விண்ணுலகில் மகிழ்ச்சி உண்டாகும் என்றார் இயேசு (லூக் 15:7). அறியாத ஒன்றுக்காக யார் மகிழ்வார்? கடவுளே அதை அறியத் தருகிறார். இறந்தோரிடம் குறி கேட்பதை மறைநூல் தடை செய்கிறது (இச 18:11). நாமோ குறி கேட்கவில்லை. எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்கிறோம். கிறிஸ்துவோடு நெருங்கி இணைந்துள்ள புனிதர்கள், அந்த ஒரே இணைப்பாளர் வழியாகவே நமக்காகத் தந்தையிடம் இடைவிடாது பரிந்து பேசுகிறார்கள் என 1964ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் சங்கம் போதித்தது.

ஆனால் நம்மையும் சோதித்துப் பார்ப்போம். கடவுள் கல்மனத்தர், புனிதர்தாம் இளகிய மனத்தர் என்று எண்ணி, அவர்களைத் தரகர்களாக நடத்துகிறோமா? திருப்பலியை விட்டுவிட்டு, மெழுகுதிரி ஏற்றியதோடு கடமை முடிந்தது என்று நினைக்கிறோமா? அப்படியானால் அந்த உறவினரின் கண்டிப்பு நமக்குத் தேவைதான். அவருக்காகவும் மன்றாடுவோம்.

அந்தத் தாயிடம் நாம் சொன்னது இதுதான்: "அம்மா, படத்தை வெளியே எடுத்து வையுங்கள். அந்தோனியார் கையில் இருப்பது யார் என்று பாருங்கள்."

படத்தை எடுத்துப் பார்த்தார். "குழந்தை இயேசு, சாமி" என்றார்.

தூய ஆவியார் நம் அனைவரையும் வழிநடத்துவாராக. ஆமென்.