தேடிப் பிடித்த நோய்

நம் தேசத்திலிருந்து பெரியம்மை அகன்றது, ஜனங்கள் அனைவருக்கும் அம்மை குத்தியதனால்தான் என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அது பாதி உண்மை. மற்றப் பாதி, தேடியது.

மழையில் கூரை ஒழுகினால், ஓடுகள் அனைத்தையுமா பிரிக்கிறோம்? சொட்டும் இடத்தைத் தேடி அந்த ஓட்டையல்லவா முதலில் மாற்றுகிறோம்! பல்லாண்டுகள் அம்மை குத்திய பின்னும் வட மாநிலங்களில் வியாதி அடங்காமையால், 1973-ஆம் ஆண்டில் சுகாதார ஊழியர்கள், அம்மை கண்ட குழந்தையின் படம் பொறித்த அட்டையொன்றைக் கையில் ஏந்தி, இப்படி யாரையேனும் கண்டீர்களா என்று வீடு வீடாக, சந்தை சந்தையாக, பள்ளிக்கூடங்களிலும் புகுந்து விசாரிக்கலானார்கள். பெரியவர்கள் மறைத்ததைக்கூடப் பிள்ளைகள் மறைப்பதில்லை. அது எந்த ஊரிலும் அப்படித்தான்!

நோயாளியைக் கண்டதும், அவர் வீட்டு வாசலில் இரவும் பகலும் காவல் வைத்து, சுற்றியிருந்தோர் அனைவருக்கும் தாமதமின்றி அம்மை குத்தினார்கள். மறு ஆண்டு பீகாரில் நோய் மூர்க்கமாகப் பரவியபோதும் தேடுவதை விட்டார்களில்லை.

1975 மே மாதத்திற்குப் பின் இந்தியாவில் பெரியம்மை புதிதாக எவரையும் பற்றவில்லை. ஆயினும் தேடல் நிற்கவில்லை. நோயாளியைக் காட்டுவோருக்கு ஆயிரம் ரூபாய் சன்மானம் என்று அறிவித்தார்கள்; அக்காலத்தில் அது பெருந்தொகை. ஆசையோடு ஓடிவந்தவர்கள் காட்டியதெல்லாம் சின்னம்மையும் சிரங்குமாகவே இருந்தன. அவற்றையும் ஒவ்வொன்றாகப் பரிசோதித்துப் பார்த்தார்கள்.