காசநோய்க்கு வந்த புது மாத்திரையும் அரிசி பருப்பும்



எங்கள் அன்னவாசல், இலுப்பூர் பக்கத்தில் ஒருவராவது வெளிநாட்டில் இல்லாத தெருவைக் காண்பது கஷ்டம். சவூதிக்கோ குவைத்துக்கோ விசா வருகிறது என்றால் ஏஜென்ட் முதலில் அனுப்பி வைப்பது மெடிக்கலுக்குத்தான். சட்டையைக் கழற்றிவிட்டு, மூச்சை இழுத்துப் பிடித்து, எக்ஸ்ரே மெஷினில் நெஞ்சைக் கொடுத்து நிற்க வேண்டும். எப்போதோ வந்து ஆறிப்போன காசநோயின் தழும்பு நுரையீரலில் தெரிந்தால், பெரும்பாலும் 'அன்ஃபிட்' என்று சீட்டு வந்துவிடும். நோய் குணமாகிவிட்டது, இனி யாருக்கும் பரவாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தாலும் அந்தச் சீட்டை மாற்றுவது லேசில்லை. டி.பி. என்று சொல்லும்போது நம் ஊரில் ஆட்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம். பேசி முடித்த கல்யாணம் நின்றுபோகுமோ என்ற பயம் இன்னொன்று.

மருத்துவ ஆராய்ச்சியில் புதிதாக வந்திருப்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மரபணுவைத் திருத்துகிற சிகிச்சை, ரோபோ கையால் செய்கிற அறுவை என்று பத்திரிகைகளில் நிறைய வருகிறது. அதெல்லாம் பெரிய விஷயம்தான். ஆனால் நான் காசநோயையே எடுத்துக்கொள்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023ஆம் ஆண்டில் மட்டும் ஒரு கோடியே எட்டு லட்சம் பேருக்கு இந்த நோய் வந்தது; பன்னிரண்டரை லட்சம் பேர் இறந்தார்கள். நோய் வந்தவர்களில் நூற்றுக்கு 26 பேர் இந்தியாவில் இருக்கிறார்கள். அது மட்டுமல்ல, இந்த நோய்க்கு உலகம் முழுவதும் இன்று வைத்தியம் நடக்கும் முறையே நம் சென்னையில் போட்ட பாதைதான்.

அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

மருந்து வருவதற்கு முன்னால் காசநோய்க்காரருக்கு வைத்தியம் என்றால் நல்ல காற்று, ஓய்வு, பால், முட்டை. அதற்காகத்தான் சானடோரியம் கட்டினார்கள். தாம்பரம் சானடோரியத்தை 1928இல் தொடங்கியவர் டாக்டர் சௌரிமுத்து. இங்கிலாந்தில் இதே வைத்தியத்தைச் செய்து பேர் வாங்கியவர். கணிதமேதை ராமானுஜன் அங்கே உடம்பு கெட்டுப் படுத்தபோது இவருடைய சானடோரியத்தில்தான் சில காலம் இருந்தார். காசு இருப்பவருக்கு அது சரி. குடிசையில் ஆறேழு பேரோடு படுத்து எழும் கூலித் தொழிலாளிக்குச் சானடோரியத்தில் கட்டில் எங்கே கிடைக்கும்?

1940களில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. 1952இல் ஐசோனியாசிட் என்ற மலிவான மாத்திரை வந்தது. அப்போது ஒரு கேள்வி எழுந்தது. மாத்திரைதான் குணப்படுத்துகிறது என்றால், ஆளை ஏன் ஒரு வருஷம் சானடோரியத்தில் படுக்க வைக்க வேண்டும்? வீட்டில் வைத்தே கொடுத்தால் என்ன? இதைச் சோதித்துப் பார்க்க 1956இல் சென்னை சேத்துப்பட்டில் ஒரு மையம் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்தின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் பொறுப்பில் இருந்தார். சென்னையின் ஏழை மக்களிலிருந்து நோயாளிகளை எடுத்து, குலுக்கல் முறையில் பாதிப் பேரைச் சானடோரியத்துக்கும் பாதிப் பேரை அவரவர் வீட்டுக்கும் அனுப்பினார்கள். இரு தரப்புக்கும் ஒரே மருந்து, ஒரே ஒரு வருஷம்.

வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு மட்டம். ஓய்வும் கிடையாது, பலர் வேலைக்குப் போனார்கள். மாத்திரையை உண்மையாகவே விழுங்குகிறார்களா என்று பார்க்க, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு ஆள் போய் மிச்ச மருந்தை எண்ணிப் பார்ப்பார். சிறுநீரையும் வாங்கிச் சோதிப்பார்கள். 1959இல் முடிவு வெளிவந்தபோது சானடோரியத்தில் இருந்தவர்களும் வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமாகியிருந்தார்கள். அதைவிட முக்கியம், வீட்டில் கூடவே இருந்த பெண்டாட்டி பிள்ளைகளுக்குக் கூடுதலாக நோய் தொற்றவில்லை. சரியான மருந்து உள்ளே போகத் தொடங்கியதும் நோய் பரப்பும் சக்தி சட்டென்று இறங்கிவிடுகிறது. தொற்றுவதெல்லாம் பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கும் முன்னால் நடந்து முடிந்துவிடுகிறது. இந்த முடிவு வந்த பிறகு உலகம் பூராவும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. காசநோய்க்காரருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், திண்ணையில் படுக்கை என்று இன்றும் சில வீடுகளில் ஒதுக்கி வைக்கிறார்களே, அதற்கு அவசியம் இல்லை என்பது அறுபது வருஷத்துக்கு முன்பே சென்னையில் நிரூபணம் ஆன செய்தி. சேத்துப்பட்டு மையம் இப்போது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

இனி புது மருந்துக்கு வருவோம்.

சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாசக் கோர்ஸ். அதில் ரிஃபாம்பிசின் என்ற மருந்து முக்கியம். அதைப் போட்ட அன்றே சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். ரத்தம் போகிறது என்று பயந்து மாத்திரையை நிறுத்தியவர்கள் உண்டு. பயப்பட வேண்டாம், அது மருந்தின் நிறம். தொல்லை வருவது பெரும்பாலும் இரண்டாம் மூன்றாம் மாசத்தில். இருமல் நின்றுவிடும், பசி எடுக்கும், உடம்பு தேறும். சரியாகிவிட்டது என்று மாத்திரையை விட்டுவிட்டு ஆள் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விடுவார். உள்ளே மிஞ்சிய கிருமிகளில் மருந்துக்கு மசியாதவை பெருகும். அந்தக் கிருமி அவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றினால், ஒரு மாத்திரைகூடத் தவறவிடாத அந்த இன்னொருவருக்கும் ரிஃபாம்பிசின் கேட்காது.

இப்படி மருந்துக்கு அடங்காத காசநோய்க்குச் சில வருஷம் முன்புவரை நடந்த வைத்தியம் கொடுமையானது. பதினெட்டு மாசம், இருபது மாசம் என்று இழுக்கும். அதில் பல மாசம் தினமும் ஊசி. அந்த ஊசி சிலருக்குக் காதையே கெடுத்துவிட்டது. மும்பையைச் சேர்ந்த பத்திரிகையாளர் நந்திதா வெங்கடேசன் அப்படிக் கேட்கும் திறனை இழந்தவர்.

ரிஃபாம்பிசினுக்குப் பிறகு சுமார் நாற்பது வருஷம் காசநோய்க்கென்று புது மருந்தே வரவில்லை. பணக்கார நாடுகளில் நோய் குறைந்துவிட்டது, கம்பெனிகளுக்கு லாபம் தெரியவில்லை, அவ்வளவுதான். 2012 கடைசியில் அமெரிக்காவில் பெடாக்விலின் அனுமதி பெற்றது. கிருமி தன் ஆற்றலை உண்டாக்கிக்கொள்ளும் இடத்தையே இது அடைத்துவிடுகிறது. 2019இல் பிரிடோமனிட் வந்தது; அதைக் கொண்டுவந்தது லாப நோக்கமில்லாத ஓர் அமைப்பு. இந்த இரண்டோடு லினசோலிட், மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற இரண்டு பழைய மருந்துகளையும் சேர்த்து, ஊசியே இல்லாமல், ஆறே மாசத்தில் முடிகிற வைத்தியத்தை 2022இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. இந்தியாவில் மத்திய அரசு 2024 செப்டம்பரில் அனுமதித்தது. இதைப் பல நாடுகளில் சோதித்துப் பார்த்த ஓர் ஆய்வில், பழைய வைத்தியத்தில் நூற்றுக்கு 52 பேருக்கு நல்ல பலன் கிடைத்தது. புது வைத்தியத்தில் 89 பேருக்குக் கிடைத்தது.

குறை இல்லாமல் இல்லை. லினசோலிட் சிலருக்குக் காலை மரத்துப்போகச் செய்யும், ரத்த அணுக்களைக் குறைக்கும். அதன் அளவை எவ்வளவு தூரம் குறைக்கலாம் என்று பார்க்கும் ஆய்வை இந்தியாவில் நடத்தியதும் நம் சேத்துப்பட்டு நிறுவனம்தான்.

விலைக்கும் ஒரு கதை உண்டு. பெடாக்விலினின் காப்புரிமையை மேலும் சில வருஷம் நீட்டிக்கக் கேட்டு அதைத் தயாரித்த கம்பெனி விண்ணப்பித்தது. அதை எதிர்த்து 2019இல் மனுக் கொடுத்தவர்களில் ஒருவர், நான் முன்னால் சொன்ன நந்திதா வெங்கடேசன். இன்னொருவர் தென்னாப்பிரிக்காவின் புமேஸா டிசிலே. அவரும் இதே வைத்தியத்தில் கேட்கும் திறனை இழந்தவர். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் கம்பெனியின் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்தது. அதே வருஷம் ஜூலையில் மூலக் காப்புரிமையும் காலாவதி ஆனது. நம் நாட்டுக் கம்பெனிகள் மருந்தைக் குறைந்த விலைக்குச் செய்ய வழி பிறந்தது. காதைப் பறித்த ஊசியை ஒழிக்க, காது கேளாத இரண்டு பெண்கள் நின்று வாதாடி வென்றார்கள். ஆய்வுக்கூடத்தில் நடந்ததற்கு இது எந்த விதத்திலும் குறைந்த காரியமில்லை என்பது என் கருத்து.

நோயைக் கண்டுபிடிக்கும் முறையும் மாறிவிட்டது. முன்பு சளியைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். கிருமி குறைவாக இருந்தால் தப்பிவிடும். இப்போது கோவாவில் தயாராகும் ட்ரூநாட் போன்ற கருவிகள் கிருமியின் மரபணுவையே பிடித்துவிடுகின்றன. பேட்டரியில் ஓடும், ரிஃபாம்பிசின் கேட்குமா கேட்காதா என்பதையும் அன்றைக்கே சொல்லிவிடும். கையில் தூக்கிக்கொண்டு போகிற எக்ஸ்ரே கருவியும் முகாம்களுக்கு வருகிறது. ஆனால் பெரியவர்களுக்கான தடுப்பூசி இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. 1968இல் தொடங்கி செங்கல்பட்டு மாவட்டத்தில் நடந்த பெரிய ஆய்வில், குழந்தைகளுக்குப் போடும் பி.சி.ஜி. தடுப்பூசி பெரியவர்களைக் காப்பாற்றவில்லை என்று தெரிந்தது. அந்த இடத்துக்கு வேறு ஒன்று இன்றுவரை கிடைக்கவில்லை.

இவ்வளவு இருந்தும் ஆட்கள் சாகிறார்கள். அதுவும் வைத்தியம் தொடங்கிய முதல் சில வாரங்களிலேயே. ஏன்? ஆள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போதே உருகிப்போயிருக்கிறார். இந்த இடத்தில் தமிழ்நாடு செய்த காரியம் எனக்கு எந்தப் புது மாத்திரையையும்விடப் பெரிதாகத் தெரிகிறது. 2022 ஏப்ரலில் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' தொடங்கியது. நோய் என்று உறுதியானதும் சுகாதார ஊழியர் சில விஷயங்களைப் பார்க்கிறார். எடையும் உயரமும் எடுக்கிறார். கணுக்காலை விரலால் அழுத்திப் பார்க்கிறார். குழி விழுந்து அப்படியே நின்றால் வீக்கம். நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுகிறார். 24ஐத் தாண்டினால் ஆபத்து. விரலில் கிளிப்பை மாட்டி ஆக்சிஜன் பார்க்கிறார். 94க்குக் கீழே போகக் கூடாது. கடைசியாக, "யாரையும் பிடிக்காம எழுந்து நில்லுங்க பார்ப்போம்" என்கிறார். நிற்க முடியாதவரை வீட்டுக்கு அனுப்புவதில்லை, வார்டில் சேர்க்கச் சொல்கிறார்கள்.

எடைக் கணக்கைப் புரியும்படி சொல்கிறேன். ஐந்தடி மூன்று அங்குலம் உயரமுள்ள ஒருவர் 36 கிலோவுக்கும் கீழே போய்விட்டார் என்றால் அதுவே உயிருக்கு ஆபத்தான நிலை. காலும் வீங்கியிருந்தால் 41 கிலோவே ஆபத்துதான். இதற்கு வேண்டியது ஒரு எடை மெஷின், ஒரு டேப், ஒரு விரல் கிளிப், கொஞ்சம் பொறுமை. 1959இல் வீட்டுக்கு அனுப்பலாம் என்று கண்டுபிடித்த அதே ஊரில், யாரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்பதையும் இப்போது கண்டுபிடித்திருக்கிறார்கள்.

பசியைப் பற்றியும் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. ஜார்க்கண்டில் டாக்டர் அனுராக் பார்கவா, டாக்டர் மாதவி பார்கவா ஆகியோர் நடத்திய ஆய்வு 2023 ஆகஸ்டில் வெளிவந்தது. நோயாளிகளின் வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கு மாசம் தலைக்கு 5 கிலோ அரிசியும் ஒன்றரை கிலோ துவரம் பருப்பும் கொடுத்தார்கள். கொடுத்த வீடுகளில் புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. நோயாளி முதல் இரண்டு மாசத்தில் தன் எடையில் ஐந்து சதவீதம் ஏறினால், சாவும் பாதிக்கு மேல் குறைவதாகத் தெரிந்தது. நாற்பது கிலோ ஆளுக்கு அது இரண்டு கிலோ. அரிசியும் பருப்பும் தடுப்பூசி போல வேலை செய்த ஆய்வு இது. மத்திய அரசு நோயாளிக்கு மாசம் 500 ரூபாய் என்று கொடுத்துவந்த உதவியை 2024 நவம்பரிலிருந்து 1000 ஆக்கியிருக்கிறது. இன்றைய பருப்பு விலைக்கும் முட்டை விலைக்கும் அது தாராளம் என்று நான் சொல்லமாட்டேன். அதுபோல 2024 தொடக்கத்தில் நாட்டின் பல இடங்களில் சாதாரணக் காசநோய் மாத்திரைக்கே தட்டுப்பாடு வந்தது. ஒரு நாள் தவறக் கூடாது என்று நோயாளிக்குச் சொல்கிற அரசு, ஒரு நாளும் மருந்து தீராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அன்னவாசல் பக்கத்து நேயர்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், காரணம் தெரியாமல் எடை குறைவது, இதில் எது இருந்தாலும் மெடிக்கல் ஷாப்பில் சிரப் வாங்கிக் குடித்துக்கொண்டு இருக்காதீர்கள். பக்கத்து அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சளிப் பரிசோதனை கேளுங்கள். டப்பா கொடுப்பார்கள். காலையில் எழுந்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு, வீட்டுக்கு வெளியே திறந்த இடத்தில் நின்று, நெஞ்சிலிருந்து ஆழமாக இருமிச் சளியை எடுங்கள். வெறும் எச்சில் உதவாது. சர்க்கரை நோய் உள்ளவர்களும் குடிப்பழக்கம் உள்ளவர்களும் இன்னும் சீக்கிரம் போக வேண்டும். நோய் உறுதியானால் வீட்டில் உள்ள எல்லோரையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். நோய் வராமல் தடுக்க அவர்களுக்கும் மாத்திரை உண்டு. பரிசோதனை, எக்ஸ்ரே, மருந்து எல்லாமே அரசு மருத்துவமனையில் இலவசம். சந்தேகம் கேட்க 1800 11 6666 என்ற எண்ணைக் கூப்பிடலாம், அதற்கும் கட்டணம் கிடையாது.