அழைத்தல் யாருக்கு?
(கோலியனூர் கூட்டத்தில் பேசியது)

தோழர்களே, தேவ அழைத்தல், தேவ அழைத்தல்னு சொல்றாங்களே, அது சாதி பார்த்தா வருது?

எழுத்தாளர் பாமா டீச்சராக இருந்தவர். ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கணும் என்றுதான் வேலையை விட்டுவிட்டு 1985இல் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். பயிற்சியில் இருக்கும்போதே காதில் விழுகிறது: சில சபைகளில் நம்ம பெண்களைச் சேர்ப்பதில்லையாம், நமக்கென்று தனிச் சபை எங்கேயோ இருக்கிறதாம். குடியிருக்கச் சேரி, புதைக்கத் தனிக் கல்லறை, சாமிக்கு ஊழியம் செய்யவும் தனி இடம்!

மடத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தது வசதியான வீட்டுப் பிள்ளைகள். பெருக்கியது, கக்கூஸ் கழுவியது நம்ம சனம். உள்ளே வறுமை வார்த்தைப்பாடு கொடுத்தவர்களுக்குச் சோத்துக்குக் குறைவில்லை. வார்த்தைப்பாடு கொடுக்காமலே வறுமையில் கிடப்பது சேரி. 1992இல் வெளியே வந்தார். அந்த ஆண்டே 'கருக்கு' வந்தது. அழைத்தலை உதறிவிட்டார் என்று சொன்னால் நான் ஒப்பமாட்டேன். அந்த அழைத்தலோடுதான் உத்திரமேரூர் பக்கம் போய்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்.

நம்ம பக்கத்து எறையூரை மறந்திடாதீங்க. 2008 மார்ச்சில், தனிப் பங்கு கேட்ட தலித் கிறிஸ்தவர்களின் வீடுகளை அடித்தவர்களும் அதே மாதா கோயில்காரர்கள்தான்.

நம்ம பொண்ணுங்க மடத்துக்குப் போகட்டும், தடுக்கல. சேர்வதற்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேட்கட்டும்: இந்தச் சபைக்குத் தலைவியா நம்ம ஆள் யாராவது வந்திருக்காங்களா? இங்க கக்கூஸ் கழுவுறது யாரு?