கணக்கை ஊரறியப் படித்தல்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



"சிவன் சொத்துக் குல நாசம்" என்பது நம் முன்னோர் வழக்கு. கோயிற் பணத்திற்கு அஞ்சும் மக்கள் ஊர்ப் பணத்திற்கு அத்துணை அஞ்சுகின்றாரல்லர். காரணம் யாது? கோயிலில் சிவன் காண்கின்றான் என்னும் நினைவு உண்டு. ஊர்ப் பணத்தைக் காணும் கண் ஒன்று உண்டென்னும் நினைவு இல்லை. அக்கண்ணை மக்கள் தாமே உண்டாக்கிக்கொண்ட வரலாறொன்றை இன்று கூறப் புகுகின்றோம்.

இராஜஸ்தான் நாட்டின் நடுப்பகுதி மழை குன்றிய வறண்ட நிலம். பஞ்சக் காலங்களில் அரசினர் ஏரி வெட்டுதல், சாலை போடுதல் முதலிய வேலைகளை நடத்தி ஏழை மக்களுக்குக் கூலி அளித்து வந்தனர். ஆனால் சட்டம் வகுத்த கூலி உழைத்தவர் கைக்கு முழுமையாக வந்து சேர்ந்ததில்லை. கேட்டவர்க்கு, "நீ செய்த வேலை அவ்வளவே, ஏட்டில் அப்படித்தான் எழுதியிருக்கின்றது" என்னும் மறுமொழி கிடைத்தது. "அவ்வேட்டைக் காட்டுக" என்றால், "அஃது அரசாங்க இரகசியம்" என்றனர். உழைத்தவன் தன் கூலிக் கணக்கைத் தான் காணலாகாது என்பது எவ்வளவு விந்தை, பாருங்கள்!

அந்நாட்டில் தேவ்டூங்கிரி என்னும் சிற்றூரில், இந்திய ஆட்சிப் பணியைத் துறந்த அருணா ராய் அம்மையாரும், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோரும் 1987 முதல் குடிசையில் வாழ்ந்து மக்களோடு பழகினர். 1990 மே முதல் நாளன்று 'மஜ்தூர் கிசான் சக்தி சங்கடன்' என்னும் உழவர் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று. அச்சங்கத்தார் 1994 டிசம்பர் 2ஆம் நாள் பாலி மாவட்டத்துக் கோட்கிரானா என்னும் ஊரில் 'ஜன் சுன்வாய்' எனப்படும் மக்கள் விசாரணையை முதன்முதல் நடத்தினர்.

அம்முறை மிக எளியது. 'மஸ்டர் ரோல்' என்னும் கூலிப் பட்டியலும் செலவுச் சீட்டுகளும் ஊரார் முன்னிலையில் உரக்கப் படிக்கப்பெறும். ஒரு பெயர் படித்தவுடன் அப்பெயருடையார் எழுந்து, "நான் அவ்வேலைக்குச் செல்லவேயில்லை" என்பார். மற்றொரு பெயர்க்கு, "அவர் இறந்து பல்லாண்டாயிற்றே" என்று கூட்டம் முழங்கும். ஏட்டில் முடிவுற்ற கட்டடம் ஊரில் இராது. தலைநகரத்துத் தணிக்கையாளர் பன்முறை பார்த்தும் காணாத பொய்யை எழுத்தறியாத மூதாட்டி ஒருத்தி ஒரு நொடியில் காண்பாள். ஏனெனில் அவள் அவ்வூரினள். யார் உளர், யார் இலர் என்பதை அறிவாள். சில ஊர்களில் ஊராட்சித் தலைவர் சபை நடுவே குற்றத்தை ஒப்புக்கொண்டு பணத்தைத் திருப்பித் தந்ததும் உண்டு.

ஏடுகளின் நகல் தரப்படும் என்று அந்நாட்டு முதலமைச்சர் 1995இல் சட்டமன்றத்தில் வாக்களித்தார். ஓராண்டாகியும் ஆணை பிறக்கவில்லை. ஆகவே 1996 ஏப்ரல் 6ஆம் நாள் தொடங்கிப் பியாவர் நகரில் 40 நாள் மக்கள் அறவழியில் வீதியில் அமர்ந்தனர். ஊரார் தானியமும் கடைக்காரர் காய்கறியும் ஈந்தனர். "நம் பணம், நம் கணக்கு" என்பதே அவர்தம் முழக்கம். 1997இல் இந்திய மாநிலங்களுள் முதலாவதாக நம் தமிழ்நாடு தகவல் உரிமைச் சட்டம் ஒன்றை இயற்றிற்று. இராஜஸ்தான் 2000இல் இயற்றிற்று. இந்தியா முழுமைக்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் நடைமுறைக்கு வந்தது. 10 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பித்தால் 30 நாளில் விடை தரல் வேண்டும். தக்க காரணமின்றித் தாழ்த்தும் அலுவலர்க்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை தண்டம் உண்டு.

ஆயினும் பெற்ற உரிமை காவாதிருப்பின் தேயும். 2023இல் இயற்றப்பெற்ற தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் ஒரு திருத்தம் செய்தது. முன்னர்ப் பொதுப் பணியோடு தொடர்பில்லாத தனிச் செய்திகளே மறுக்கத்தக்கனவாயிருந்தன. திருத்தமோ தனிநபர் பற்றிய செய்தி எதனையும் மறுக்க இடந்தருகின்றது. பொதுநலம் பெரிதாயின் வெளியிடலாம் என்னும் பிறிதொரு விதி நிற்கின்றதாயினும், அதனைத் துணிந்து கைக்கொள்ளும் அலுவலர் எத்துணையர்? கூலிப் பட்டியலிற் பெயரை மறைத்து எண்ணை மட்டும் காட்டினால், இறந்தவர் பெயரில் எழுதிய பொய்யை எம்மூதாட்டி காண்பாள்?

இனி நம்மை நோக்கிச் சில சொல்வோம். முறைகேட்டிற்குப் பெருந்துணை யாதெனின், உறவு என்போம். பிறன் கையூட்டு வாங்கினால் கள்வன் என்கின்றோம். நம்மவன் வாங்கினால், "பிழைக்கத் தெரிந்தவன்" என்று பெண் கொடுக்கின்றோம்! உத்தரமேரூர்க் கோயிற் சுவரில் முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. கி.பி. பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில், வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவன் மட்டுமன்றி, அவன் அத்தை மக்கள், அம்மான், மாமனார், மருமகன் முதலிய சுற்றத்தாரும் குடவோலைக்கு உரியரல்லர் என்று அவை விதிக்கின்றன. அஃது எல்லார்க்கும் உரிய சபையன்று, அந்தணர் ஊர்ச்சபை. உறவினர் குற்றத்திற்கு ஒருவனைத் தண்டித்தல் இக்காலத்து நீதியுமன்று. ஆயினும் உறவே கணக்கை மூடும் போர்வை என்பதை அவ்விதி செய்தோர் நன்குணர்ந்திருந்தனர்.

ஆதலின் இரண்டு வேண்டுகோள். ஒன்று, கிராம சபை கூடும் நாளில் நம் மக்கள் தவறாது சென்று வரவு செலவைப் படிக்கச் சொல்லிக் கேட்டல் வேண்டும். நம் குலத்தார் ஒருவரே தலைவராயிருப்பினும் கேட்டல் வேண்டும். மற்றொன்று, நம் சங்கத்துக் கல்வி நிதியின் கணக்கையும் ஒவ்வோர் ஆண்டும் இம்மேடையிலேயே, கொடுத்தார் பெயர், பெற்றார் பெயர், தொகை ஆகியவற்றுடன் உரக்கப் படித்தல் வேண்டும். தன் வீட்டுக் கணக்கை மூடி வைத்தவன் ஊர்க் கணக்கைத் திறக்கச் சொல்லுதல் பொருந்துமோ? இவ்விரண்டையும் தீர்மானமாக ஏற்குமாறு இச்சபையை வணக்கத்துடன் வேண்டி அமைகின்றோம்.