கடற்பூஞ்சையில் புற்றுநோய் மருந்து



நான் அறிவியலாளன் அல்லன், பொருளாதாரம் பயின்றவன். ஆராய்ச்சிக்குச் செல்லும் பொதுப்பணம் என்னவாகிறது என்று பார்த்துப் பழகிய கண்ணோடுதான் இப்பொருளை அணுகுகிறேன்.

1945-இல் சார்டினியாத் தீவில், கழிவுநீர் கடலோடு கலக்கும் இடத்தில், புரோட்சு என்ற பேராசிரியர் ஒரு பூஞ்சையைப் பிரித்தெடுத்தார். செஃபலோஸ்போரின் மருந்துக் குடும்பம் அதிலிருந்தே பிறந்தது. அது புற்றுநோய் மருந்தன்று. ஆயினும் கடற்பூஞ்சையை நாடுவோர்க்கு ஊக்கம் தந்தது.

பூஞ்சையின் சிறப்பு அதன் சிக்கனம். டிராபெக்டெடின் என்ற புற்றுநோய் மருந்து முதலில் ஒரு சிறு கடற்பிராணியிலிருந்து கிடைத்தது. ஒரு கிராமுக்கு ஏறத்தாழ ஒரு டன் பிராணி வேண்டியிருந்தது! பின்னர் பாக்டீரியா தரும் மூலப்பொருளை வேதிமுறையில் மாற்றியே வழி கண்டனர். பூஞ்சைக்கோ ஒரு கைப்பிடி மாதிரி போதும். பிறகு தொட்டியில் வளர்க்கலாம்.

ஆனால் பாதை நெடியது. கடற்பாசி ஒன்றின்மீது வாழ்ந்த அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை ஹாலிமைடு என்ற பொருளைத் தந்தது. உயிரணு இரண்டாகப் பிரிவதற்கு வேண்டிய நுண்குழல்கள் உருவாகாதவாறு அது தடுக்கிறது. அதன் அமைப்பைத் திருத்திப் பிளினாபுலின் செய்தனர். மூன்றாம் கட்ட மருத்துவச் சோதனை வரை அது சென்றது. புற்றுநோய்ச் சிகிச்சையால் வெள்ளணுக்கள் குறைவதைத் தடுக்கவும் அதைப் பயன்படுத்த அனுமதி கோரப்பட்டது. ஒரு சோதனை போதாது, மற்றொன்று வேண்டும் என்று அமெரிக்க மருந்துத் துறை 2021-இல் கோரிக்கையைத் திருப்பிவிட்டது. இத்தகைய கண்டிப்பை நான் குறைகூற மாட்டேன்.

நம் நாட்டிலும் இத்துறையில் கட்டுரைகள் பல வெளிவருகின்றன. கண்ணாடித் தட்டில் புற்றணு மடிந்தது என்பதோடு பெரும்பாலானவை நின்றுவிடுகின்றன. தட்டிலுள்ள அணுவைச் சாராயமும் கொல்லும். நல்ல அணுவை விட்டுவைக்கிறதா என்பதன்றோ கேள்வி?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திட்டத்தின் இறுதி அறிக்கை என் மேசைக்கு வந்தது. நம்பிக்கையூட்டும் பூஞ்சை ஒன்றைப் பற்றிச் சிறப்பாக எழுதியிருந்தார்கள். அப்பூஞ்சை இப்போது எங்கே என்று கேட்டு எழுதினேன். ஆய்வு மாணவர் பட்டம் பெற்றுச் சென்றபின் வளர்ப்பு அழிந்துவிட்டது என்று பதில் வந்தது. மூன்றாண்டுச் செலவில் மிஞ்சியது தாள் மட்டுமே.

நுண்ணுயிர்களைப் பாதுகாக்கச் சண்டிகரில் தேசிய அளவிலான சேமிப்பகம் இருக்கிறது. நம் உயிரி வளத்தின் பயனில் நமக்குப் பங்கு கிடைக்க 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் இருக்கிறது. ஆனால் பூஞ்சையே உயிருடன் இல்லையெனில் பங்கு கேட்பது எதை வைத்து?

ஆகவே, மானியத்தின் கடைசித் தவணையை விடுவிக்கும்முன், பூஞ்சையைச் சேமிப்பகத்தில் ஒப்படைத்த சான்றைக் கேட்டுப் பெறுமாறு இங்குள்ள அதிகாரிகளை வேண்டுகிறேன். இதற்குப் புதிய நிதி ஒதுக்கீடு எதுவும் வேண்டியதில்லை.