ஊர்கள் கூட்டிய அவை



அவையறிதல், அவையஞ்சாமை என இரண்டு அதிகாரங்கள் வகுத்தார் வள்ளுவர். அவையே மறுக்கப்பட்ட மக்கள் என் செய்வர்? விடை மாசசூசெட்சு வரலாற்றில் உள்ளது.

வட அமெரிக்காவில் பிரித்தானியரின் குடியேற்ற நாடாயிருந்த அங்கு, 1774இல் ஆளுநர் தாமசு கேஜ், தாம் அழைத்த சட்டமன்றத்தைத் தாமே கூடாதெனத் தடுத்தார். ஆயினும் ஊர்ப் பேராளர் ஏறத்தாழ 90 பேர் சேலம் நகரில் கூடினர்; அக்டோபர் 7ஆம் நாள் தம்மை மாகாணப் பேரவையாக ஆக்கிக்கொண்டனர். பின்னர்க் கான்கார்டில் கூடி, ஜான் ஹான்காக்கைத் தலைவராகக் கொண்டனர்.

அரசரின் இசைவு அவ்வவைக்கு இல்லை. எனவே வரிப்பணத்தை அரசுப் பொருளாளரிடம் கொடாது, சிடோ என்னும் சிற்றூரின் என்றி கார்டனரிடம் செலுத்துமாறு ஊர்களுக்குப் பரிந்துரைத்தது. ஆணையன்று, பரிந்துரையே! ஊராரின் நம்பிக்கையே அதன் கருவூலம்.

அந்நம்பிக்கைக்கு விலையும் இருந்தது. கான்கார்டுப் பேராளர் ஜேம்சு பாரெட்டின் பண்ணையில், 1775 ஏப்ரல் 19 அன்று, படைக்கலங்களைத் தேடி ஆங்கிலப் படை புகுந்தது. பேரவைத் தலைவராக விளங்கிய மருத்துவர் ஜோசப் வாரன், சூன் 17 அன்று பங்கர் குன்றுப் போரில் உயிர்துறந்தார்.

குறையொன்றையும் மறைத்தல் தகாது. தம் இசைவின்றி வரி கூடாதென்ற அவர்தம் அவையில் பெண்டிர்க்கு இடமில்லை. அடிமைகளாய் உழைத்தோர்க்கும் இடமில்லை.

எனவே, அவை கூடியதா என்பதோடு வினா முடிவதில்லை; யார் குரல் அங்கு ஒலிக்கவில்லை என்பதும் வினாவே. அக்குரலைக் கேட்பதன்றோ கவிஞர் கடன்!